மாத்திரை போட்டால்தான் பீடி

வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. பதினோரு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். குளோசபின் மாத்திரை தொடங்கிய பிறகு காதில் குரல் கேட்பது பெருமளவு அடங்கிவிட்டது. ஆனால் நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடிக்கிறான். அவனை மாத்திரை விழுங்க வைக்க அம்மா கண்டுபிடித்த வழி, மாத்திரை போட்டால்தான் பீடி என்பது. நான் கண்டித்தால், “அவனுக்கென்று வேறு என்ன சுகம் இருக்கிறது, அதையும் பிடுங்கவேண்டுமா?” என்று அழுகிறார். மருத்துவரும், “அதில் இப்போது கை வைக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டார். இருவரும் சொல்வது சரிதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் அம்மாவைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஏனென்றால் இதே வழியை நான் ஒரு மருத்துவமனை வார்டில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பயிற்சி மருத்துவராக இருந்த நாள்களில், மாலை ஐந்து மணிக்கு நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். ஊழியரின் கையில் மாத்திரைத் தட்டு இருக்கும், சட்டைப்பையில் பீடிக்கட்டு இருக்கும். மாத்திரையை விழுங்கியவர் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். அதன் பிறகே ஒரு பீடி கைக்கு வரும். தீப்பெட்டியை நோயாளிகளிடம் கொடுக்கக்கூடாது என்பதால் முதல் பீடியை ஊழியரே பற்றவைப்பார், அதிலிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று நெருப்பு வரிசை முழுவதும் போகும். அந்த வரிசையில் நின்றவர்களின் கேஸ் ஷீட்டில், புகைப்பழக்கம் என்று அச்சிட்டிருந்த இடத்தை நான் ஒருநாளும் நிரப்பியதில்லை. அதே வளாகத்தின் இன்னொரு கட்டடத்தில், நெஞ்சுவலி என்று வந்தவரிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வியே “பீடி, சிகரெட் உண்டா?” என்பதுதான்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. தற்கொலைதான் இதற்குப் பெருங்காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த மரணங்களில் பெரும்பகுதி மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய், நீரிழிவு போன்ற, நம் எல்லோரையும் கொல்லும் சாதாரண நோய்களால் நிகழ்கிறது. நாம் தரும் மருந்துகளில் சில உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றுகின்றன. அப்படிப்பட்ட உடலுக்கு மேலும் இரண்டு கட்டு பீடியை ஒரு சலுகையாகக் கொடுப்பதில் என்ன இரக்கம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பீடியில் புகையிலை குறைவு, அதனால் தீங்கும் குறைவு என்ற எண்ணமும் தவறானது. பீடி எளிதில் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டியிருக்கிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போவது சிகரெட்டைவிடக் குறைவதில்லை.

“நோயே அவர்களைப் புகைக்க வைக்கிறது, நிகோடின் அவர்களுக்கு ஒருவகை மருந்து” என்று மருத்துவர்களே சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். மூளையில் நிகோடின் சிறிது நேரம் கவனத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு துளி உண்மை இத்தனை பெரிய நம்பிக்கையாக வளர்ந்ததில் சிகரெட் கம்பெனிகளுக்கும் பங்கு இருந்தது. அமெரிக்காவில் வழக்குகளின் விளைவாக வெளியான அவர்களுடைய உள் ஆவணங்களைப் படித்த ஆய்வாளர்கள், மனச்சிதைவு நோயாளிகளுக்குப் புகை நன்மை செய்கிறது என்று காட்டக்கூடிய ஆய்வுகளுக்குக் கம்பெனிகள் பணம் கொடுத்ததையும், மனநல மருத்துவமனைகளில் புகைத்தடை வராமலிருக்க உதவியதையும் 2008இல் வெளியிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் புகைக்கத் தடை வந்தபோது மனநலப் பிரிவுகளுக்கு விலக்கு கிடைத்தது. அதைக் கேட்டவர்களில் நோயாளிகளின் குடும்பத்தினரும் இருந்தார்கள், உங்கள் அம்மாவைப் போலவே அன்பினால் கேட்டவர்கள். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் மூடிய பொது இடங்களில் புகைப்பது சட்டவிரோதமானபோதும் மனநல விடுதிகளுக்கு மட்டும் ஓராண்டு தவணை கொடுக்கப்பட்டது.

நோய்தான் புகைக்க வைக்கிறது என்றால், எந்த நாட்டிலும் இந்த நோயாளிகள் ஒரே அளவில் புகைக்கவேண்டும் அல்லவா? மேலை நாடுகளின் ஆய்வுகளில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் புகைப்பதாகத் திரும்பத் திரும்பத் தெரியவந்துகொண்டிருந்தபோது, சென்னையில் புறநோயாளிகளாக வந்த 286 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில் 38 சதவீதம் பேரே புகைத்தார்கள். இது நம் ஊர் ஆண்களின் பொதுவான அளவைவிட அதிகம் என்று சொல்லமுடியாத எண்ணிக்கை. வீட்டாரோடு வாழ்வது, கையில் காசு புரளாதது, பெரியவர்களின் கண்டிப்பு ஆகியவை இங்கே குறுக்கே நின்றிருக்கின்றன. இந்த ஒரு ஆய்வே எனக்குப் பல பாடப்புத்தகங்களுக்குச் சமம், ஏனென்றால் பழக்கத்தைச் சூழல் வளர்க்கவும் செய்யும், தடுக்கவும் செய்யும் என்று அது நம் மண்ணிலேயே காட்டுகிறது. உங்கள் வீட்டில் இப்போது அந்தச் சூழல் பீடியைக் கூலியாகக் கொடுக்கிறது.

அப்படியானால் நாளைக் காலையிலேயே கட்டைப் பிடுங்கி எறியலாமா என்றால், கூடாது. உங்கள் தம்பி குளோசபின் சாப்பிடுகிறார். புகையைத் திடீரென்று நிறுத்துவது அந்த மருந்தின் அளவைக் குலைத்துவிடும். இதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன், தவறாமல் படியுங்கள். முதலில் செய்யவேண்டியது மாத்திரையையும் பீடியையும் பிரிப்பது. மாத்திரை நேரத்தில் பீடி வேண்டாம். அதற்குப் பதிலாக அம்மா தன் கையால் ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுக்கட்டும், அல்லது நீங்களோ வேறு யாராவதோ அவரோடு தெருமுனைவரை நடந்துவிட்டு வாருங்கள். பீடி வேறு ஒரு நேரத்தில், அவருடைய சொந்தப் பழக்கமாக மட்டும் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தே கிடந்தால், என்றாவது அவர் பீடியை விடும்போது மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுவார்.

அடுத்ததாக, விடவேண்டும் என்ற முடிவு தம்பியுடையதாக இருக்கவேண்டும். அவரிடம் இதுவரை யாராவது கேட்டிருக்கிறார்களா? நான் கேட்டவர்களில் பலர், “விடணும்னுதான் இருக்கு சார், எப்படின்னு தெரியல” என்றுதான் சொன்னார்கள். இங்கிலாந்தில் மனச்சிதைவு, இருதுருவ மனநோய் (மனநிலை மாறிமாறி அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) போன்ற தீவிர நோய் உள்ள 526 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், மனநலப் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே சென்று, விடும் தேதியை அவசரப்படுத்தாமல், முதலில் குறைத்து, நிகோடின் மாற்று மருந்து (புகை இல்லாமல் நிகோடினை மட்டும் தருவது) கொடுத்து, தவறினால் மறுபடியும் தொடங்கி உதவினார். ஆறு மாதத்தில் அப்படி உதவி பெற்றவர்களில் 14 சதவீதத்தினரும், வழக்கமான சேவை மட்டும் பெற்றவர்களில் 6 சதவீதத்தினரும் புகையை விட்டிருந்தார்கள். ஓராண்டில் அது 15 சதவீதம், 10 சதவீதம் என்று ஆனது. இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானதாக இல்லை, ஆகவே உதவி ஆறு மாதத்தோடு நின்றுவிடக்கூடாது என்று நான் புரிந்துகொள்கிறேன். பெரிய எண்கள் இல்லைதான். ஆனால் இவர்களால் முடியவே முடியாது என்ற பேச்சை மறுக்க இது போதும்.

மருத்துவர் சொன்ன ‘இப்போது’ என்ற சொல்லையும் கவனிக்கவேண்டும். நோய் முற்றியிருக்கும் வாரங்களில் இந்தப் பேச்சை ஒத்திப்போடுவது நியாயம். ஆனால் குரல்கள் அடங்கி, சாப்பிட்டு, தூங்கி எழும் ஒருவருக்கு அந்த ‘இப்போது’ முடிந்துவிட்டது. அடுத்த முறை போகும்போது, “இவனுக்கு மனநோய் இல்லாமல் இதயநோய் மட்டும் இருந்திருந்தால் பீடியைப் பற்றி என்ன சொல்லியிருப்பீர்கள்?” என்று பணிவாகக் கேளுங்கள். மனநோய் உள்ளவர்களை எல்லா மருத்துவச் சேவைகளிலும் உடல்நோய் உள்ளவர்களுக்குச் சமமாக நடத்தவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 21ஆம் பிரிவில், தெளிவாகவே சொல்கிறது.

கேள்வி: மனநல மறுவாழ்வு இல்லம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் இல்லத்தில் புகைக்க அனுமதி இல்லை. வீட்டில் நாளுக்கு முப்பது சிகரெட் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. மருந்தில் மாற்றம் எதுவும் இல்லை, ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார், தலையணை நனையும் அளவுக்கு எச்சில் ஒழுகுகிறது, நடை தள்ளாடுகிறது. சிகரெட்டை விட்ட சோர்வு என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். அப்படித்தானா? புகையைத் தடுத்தால் அடிதடி வரும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், மதுரை

பதில்: அவர் சாப்பிடுவது குளோசபினாகவோ ஓலன்சபினாகவோ இருந்தால், இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் உங்கள் மருத்துவர் ஏற்கெனவே அவரைப் பார்த்திருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். நீங்கள் எழுதியிருப்பவை மருந்தின் அளவு இரத்தத்தில் கூடிப்போனதற்கான அடையாளங்கள்.

நடப்பது இதுதான். புகையிலை எரியும்போது வரும் தார்ப்பொருள்கள் கல்லீரலில் உள்ள ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அந்த நொதிதான் இந்த இரண்டு மருந்துகளையும் சிதைத்து வெளியேற்றுகிறது. ஆகவே புகைப்பவருக்கு மருந்து விரைவாகக் கரைந்துபோகும். அதை ஈடுகட்ட மருத்துவர் டோஸைக் கூட்டியிருப்பார், காரணம் புகைதான் என்று பல நேரங்களில் அவருக்கே தெரியாமல். நாளுக்கு 7 முதல் 12 சிகரெட் பிடித்தாலே இந்த முடுக்கம் ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும் என்பதால், முப்பதிலிருந்து இருபதாகக் குறைப்பதில் மருந்தளவு அவ்வளவாக மாறாது. முற்றிலும் நிறுத்தினால்தான் வித்தியாசம். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் நொதி பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது, அதே மாத்திரை இப்போது இரத்தத்தில் சராசரியாக ஒன்றரை மடங்காக நிற்கிறது. குளோசபின் இப்படிக் கூடினால் தூக்கம், எச்சில், தலைசுற்றல், கடுமையான மலச்சிக்கல் ஆகியவற்றோடு வலிப்பும் வரக்கூடும். இரத்தத்தில் மருந்தளவைப் பார்த்து, முதல் வாரத்திலேயே டோஸைப் படிப்படியாகக் குறைப்பது வழக்கம். எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும்.

இதில் பலருக்கு ஏற்படும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். நொதியை முடுக்குவது புகை. நிகோடினுக்கு அதில் வேலை இல்லை. எனவே சிகரெட்டை விட்டு நிகோடின் சூயிங்கம்மோ தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ பயன்படுத்தினாலும், வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறினாலும் மருந்தளவு கூடத்தான் செய்யும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. உங்கள் இல்லத்தில் குறைத்த டோஸோடு அவர் வீட்டுக்குப் போகிறார், பேருந்து நிலையத்திலேயே முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் மருந்து கரைந்து, நோய் திரும்பும். வீட்டார் “மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை” என்று அவரைத் திட்டுவார்கள், அவரோ ஒருவேளைகூடத் தவறியிருக்கமாட்டார். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘இந்த டோஸ் புகைக்காத நிலைக்கானது, மீண்டும் புகைத்தால் உடனே தெரிவிக்கவும்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்த நூற்றுக்கணக்கான சீட்டுகளில் அந்த வரி இருந்தவை ஒருகை விரல்களுக்குள் அடங்கும்.

அடிதடி பற்றிய பயத்துக்கு ஒரு நல்ல பதில் லண்டனில் இருக்கிறது. தென் லண்டன், மாட்ஸ்லி மனநல அறக்கட்டளையின் மருத்துவமனைகளில் 2014 அக்டோபரிலிருந்து வளாகம் முழுவதும் புகைக்கத் தடை வந்தது. வன்முறை கூடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2017இல் வெளியான கணக்கின்படி உடல்ரீதியான தாக்குதல்கள் 39 சதவீதம் குறைந்திருந்தன. “எப்போது வெளியே விடுவீர்கள், எனக்கு ஒரு சிகரெட் கொடு, அவனுக்கு மட்டும் ஏன் இரண்டு” என்ற சண்டைகள்தான் வார்டுகளில் நாள் முழுவதும் நடப்பவை என்பது அங்கே வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வெறும் தடையை மட்டும் போடவில்லை. நிகோடின் மாற்று மருந்தும் பேசுவதற்குப் பயிற்சி பெற்ற ஆள்களும் கூடவே இருந்தார்கள். முப்பது சிகரெட் குடித்தவரை ஒன்றுமே கொடுக்காமல் கதவைச் சாத்தி வைப்பது சிகிச்சை ஆகாது. உங்கள் இல்லத்தில் சேர்க்கும் நாளிலேயே நிகோடின் மாற்று தொடங்கப்படுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் கணவர் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். சிகரெட் பிடித்தால்தான் டென்ஷன் குறைகிறது என்கிறார். நிறுத்தச் சொன்னால் மனச்சோர்வு மீண்டும் வந்துவிடுமோ என்று எனக்கும் அச்சமாக இருக்கிறது.
– வாசகி, கோவை

பதில்: அவர் பொய் சொல்லவில்லை, சிகரெட் பிடித்ததும் டென்ஷன் உண்மையாகவே குறைகிறது. அந்த டென்ஷன் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கணக்குத் தவறுகிறது. இரத்தத்தில் நிகோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அது இறங்க இறங்க எரிச்சல், படபடப்பு, நிலைகொள்ளாமை ஆகியவை வரும். முந்தைய சிகரெட் வைத்துவிட்டுப்போன கடனை அடுத்த சிகரெட் அடைக்கிறது, அடைக்கும்போதே புதுக்கடனையும் வைத்துவிடுகிறது. மனச்சோர்வு உள்ளவருக்கு இந்த எரிச்சல் தன் நோயைப் போலவே தோன்றுவதால் அவர் இரண்டையும் பிரித்துப் பார்க்கமுடிவதில்லை.

26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை, புகையை விட்டவர்களுக்குத் தொடர்ந்து புகைத்தவர்களைவிடப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்ததைக் காட்டியது. மனநோய் உள்ளவர்களிடமும் அப்படியே. விட்ட முதல் இரண்டு மூன்று நாள்கள் கடினமாக இருக்கும், இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த வாரங்களில் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தக்கூடாது, மருத்துவரை ஒருமுறை கூடுதலாகப் பார்க்கவேண்டும், உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தால் மருத்துவரைப் பார்ப்பதை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

புகையை விட உதவும் வரெனிக்லின் என்ற மாத்திரை தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் 2009இல் அதன் பெட்டியிலேயே அப்படி ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டது. பிறகு 8,144 பேரிடம், அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நிலையான மனநோய் உள்ளவர்கள், நடத்தப்பட்ட பெரிய பரிசோதனை 2016இல் வெளியானது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வரெனிக்லின் சாப்பிட்டவர்களுக்கு மனநலக் கேடுகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பெட்டி எச்சரிக்கை நீக்கப்பட்டது. எச்சரிக்கை வந்த செய்தி பரவிய வேகத்தில் அது போன செய்தி பரவவில்லை. இன்றும் மனநோய் என்ற சொல்லைக் கேட்டதுமே இந்த மருந்தை எழுதத் தயங்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு இருதுருவ மனநோய். லித்தியமும் ஓலன்சபினும் சாப்பிடுகிறேன். ஆறு ஆண்டுகளில் நான் பார்த்த மருத்துவர் யாரும் நீ புகைப்பாயா என்று என்னிடம் கேட்டதில்லை. நானாகவே விட விரும்புகிறேன். எங்கே போவது? நண்பர் மின்சிகரெட்டுக்கு மாறச் சொல்கிறார்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மின்சிகரெட்டின் விற்பனையும் இறக்குமதியும் நம் நாட்டில் 2019இலேயே சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டன, கள்ளச்சந்தையில் வருவதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதை விட்டுவிடுங்கள்.

உங்களிடம் யாரும் கேட்காததற்கு நான் என் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சிகரெட் பாக்கெட்டின் மேலேயே ஓர் எண் இருக்கிறது: 1800-11-2356. கட்டணம் இல்லாத தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள். பேசும்போது மனநோய்க்கு மருந்து சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மனநிலை ஏற்றமோ இறக்கமோ இல்லாமல் சமமாக இருக்கும் மாதமாகப் பார்த்து ஒரு தேதியைக் குறியுங்கள். அந்தத் தேதியை உங்கள் மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும், ஏனென்றால் நான் மதுரை வாசகருக்கு எழுதியபடி ஓலன்சபின் டோஸை மாற்றவேண்டிவரலாம். லித்தியத்தைப் புகை நேரடியாகத் தொடுவதில்லை, ஆனால் காபி வழியாகத் தொடும். காபியில் உள்ள கஃபீனையும் அதே நொதிதான் சிதைக்கிறது. புகையை விட்டதும் நீங்கள் குடிக்கும் அதே இரண்டு டம்ளர் காபி உடம்பில் ஏறக்குறைய இரு மடங்காக நிற்கும். கை நடுங்கும், தூக்கம் வராது, சிகரெட் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே காபியைப் பாதியாக்கவேண்டும். (இதைக் கும்பகோணத்து வாசகியும் கவனிக்கட்டும், அந்த ஊரில் இப்படிச் சொல்வது எனக்கே துணிச்சலாகத்தான் தெரிகிறது.) ஆனால் காபியைச் சட்டென்று அறவே நிறுத்தினால் லித்தியத்தின் அளவு இரத்தத்தில் ஏறக்கூடும் என்பதால், மெல்லக் குறைத்து, இரண்டு வாரத்தில் லித்தியம் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

புகையை விடுவதற்காகப் புப்ரோபியான் என்ற மாத்திரையை யாராவது எழுதினால், உங்கள் நோயைச் சொல்லி மறுபடி ஒருமுறை கேளுங்கள். அது மனச்சோர்வுக்கான மருந்தும் ஆகும், இருதுருவ நோயில் மனநிலையை மேலே தூக்கிவிடும் அபாயம் உண்டு. நிகோடின் சூயிங்கம் உங்களுக்குப் பொருந்தும். காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் வேண்டியிருந்தால் 4 மில்லிகிராம், இல்லையென்றால் 2 மில்லிகிராம். அதை மெல்லும் விதம் முக்கியம்: மெதுவாக மென்று, நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் தணிந்ததும் மறுபடி மெல்லவேண்டும். வெற்றிலை போடுவதுபோல் மென்று சாற்றை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காபி குடித்து கால் மணி நேரத்துக்குள் மெல்லாதீர்கள், நிகோடின் வாயில் உறிஞ்சப்படாது. தேதி குறித்ததும் எனக்கு ஒரு அஞ்சலட்டை எழுதிப்போடுங்கள்.